எண்ணெய் நின்ற பிறகு குறைந்த காய்ச்சல்

ஜப்பான்காரன் காலத்தில் குளிர்காய்ச்சல் வந்து பிழைத்தவனிடம், எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வந்தவனுக்கும் அதே காய்ச்சல் வந்துபோயிருக்கும். அதனால் என் கதையைச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவே இல்லை. இப்போது சண்டை முடிந்துவிட்டது, அந்தக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை கடையிலேயே கிடைக்கிறது. கொசு கடித்தா செத்தார்கள் என்று பிள்ளைகள் சிரிக்கிற காலம் சீக்கிரம் வந்துவிடும். அதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ரயில்வேயில் கிராஃப் கிளார்க். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், தண்டவாள மேட்டை ஒட்டிய கடைசி வரிசையில் குடியிருந்தோம். என் வேலை என்னவென்று சொன்னால் பலருக்குப் புரியாது. ஒரு பெரிய தாளில் மேலிருந்து கீழாக ஸ்டேஷன் பெயர்கள், குறுக்கே மணி. ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு சாய்ந்த கோடு. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே இருக்கும், எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதைக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள். பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கி, புதுப் பாதை போடச் சயாமுக்கு ஏற்றினார்கள், பின்னாலேயே ஆட்களையும் ஏற்றினார்கள். கோடு போடத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும் என்று என்னை மட்டும் விட்டுவைத்தார்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மனைவி அஞ்சலை, நான்கு வயது மகள் பவுனு, நான். அஞ்சலையின் தம்பி முத்தையா லோகோ ஷெட்டில் இன்ஜின் துடைக்கிற வேலை பார்த்தான். படுக்கை வேறு வரிசையில், சாப்பாடு எங்கள் வீட்டில். சாப்பாடு என்றால் மரவள்ளிக் கிழங்குதான்.

ஒரு நாள் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது என் பென்சில் நடுங்கியது. முதலில் ஜப்பான் அதிகாரி பின்னால் வந்து நிற்கிறான் என்று நினைத்தேன். அவன் நின்றால் ஆபீஸில் எல்லார் கையும் நடுங்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பற்கள் தாளம் போட ஆரம்பித்தன. அஞ்சலை சேலை, சாக்கு, ஜமக்காளம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் என்மேல் போட்டாள். போதாதென்று பவுனு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, நான் நடுங்க நடுங்கக் குலுங்கிச் சிரித்தாள். அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்திருக்கிறாள்.

குளிர் போனதும் உடம்பு கொதித்தது, போர்த்தியதையெல்லாம் உதறினேன். பிறகு வேர்த்து ஊற்றியது, அப்படியே அசந்து தூங்கிவிட்டேன். மறுநாள் ஒன்றுமே நடக்காதவன்போல எழுந்து வேலைக்குப் போனேன். அதற்கு மறுநாள் ஏறக்குறைய அதே நேரத்துக்குக் குளிர் திரும்ப வந்தது. முறைவைத்து வருவதால்தான் இதற்கு முறைக்காய்ச்சல் என்று பெயர். அந்தக் காலத்தில் ரயில்கூட அவ்வளவு ஒழுங்காக வரவில்லை.

இப்படிச் சில தடவை வந்துபோன பிறகு எனக்கு ஆள் அடையாளம் தப்பிவிட்டது. அஞ்சலையை ஸ்டேஷன் மாஸ்டர் என்று நினைத்து எழுந்து நின்று சலாம் போட்டேனாம். வேறு நேரமாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் என்னைக் கேலி செய்திருப்பாள். அன்று ஓடிப்போய் முத்தையாவைக் கூட்டிவந்தாள். கைவண்டியில் கிடத்தி என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் படுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்டர் என்று ஒருவர் இருந்தார், ஆனால் எங்களுக்கு எல்லாமே அவருக்கு அடுத்தபடி மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்கிற டிரெஸ்ஸர் சாமுவேல்தான். ஒல்லியான மனிதர். வெள்ளைக் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் சணல் கயிறு கட்டியிருந்தார். என் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப்போனார். அதைப் பூதக்கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்தால் ரத்தத்தில் கிருமி தெரியும், கிருமியின் வடிவத்தை வைத்து எந்த ஜாதிக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றார். எனக்கு வந்தது மூளைக்கு ஏறுகிற ஜாதி. அதை அஞ்சலையிடம் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கொய்னா ராணுவத்துக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிடைத்ததை மாத்திரை மாத்திரையாக உடைத்து, ஆளுக்குப் பாதி என்று கொடுத்தார்கள். அந்தப் பாதி காதில் இரைச்சலைக் கொண்டுவரும், காய்ச்சலை விரட்டாது. அஞ்சலை காதில் இருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். முத்தையா சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போய், துறைமுகத்துப் பக்கம் யாரிடமோ மாத்திரை வாங்கிவந்தான். அதில் சிலது கொய்னா, சிலது மாவு. எது எது என்று கசப்பை வைத்துக் கண்டுபிடித்தோம். மாவு மாத்திரை நாக்கில் பட்ட நாளெல்லாம் அவளுடைய மூளிக் காதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், தரையில் பாயிலும் ஆட்கள். பகலில் ஒருவன் நடுங்குவான், இரவில் இன்னொருவன் நடுங்குவான், கட்டில்கள் ஓயாமல் கிறீச்சிடும். என்னோடு ஒரே கட்டிலில் படுத்திருந்த சீனக் கிழவர் ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர். நான் நடுங்கும்போது தன் போர்வையையும் என்மேல் போடுவார், அவர் நடுங்கும்போது நான் போடுவேன். ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய போர்வை என்மேல் இருந்தது.

அஞ்சலை தினமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே வந்தாள். தூக்குச் சட்டியில் கிழங்குக் கஞ்சி, அடியில் எனக்கென்று ஒளித்துவைத்த ஒரு துண்டுக் கருவாடு. பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். பவுனு வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, அப்பா எழுந்துட்டாரா என்று குரல் கொடுப்பாள். எழுந்துவிட்டேன் என்று படுத்தபடியே சொல்வேன்.

ஒரு நாள் காய்ச்சல் விட்டிருந்த நேரத்தில் டிரெஸ்ஸரிடம், எங்கே கடித்த கொசு என்று பேச்சுக்கொடுத்தேன். அவர் விளக்கமாகவே சொன்னார். கடித்த உடனே காய்ச்சல் வராது. உள்ளே போன கிருமி பெருகிக் காய்ச்சலாக வெளிப்பட இரண்டு வாரம்போல ஆகும். கடித்த கொசுவும் பிறக்கும்போதே கிருமியோடு பிறப்பதில்லை. எந்த நோயாளியின் ரத்தத்தையோ குடித்து, அந்தக் கிருமி அதன் வயிற்றுக்குள் முதிரப் பத்து நாளாவது வேண்டும். அதற்குப் பிறகுதான் அது கடித்தால் நோய். நோயாளி எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் சில வாரம் அவன் ரத்தத்தில், கொசுவுக்குத் தொற்றுகிற கிருமியின் விதை இருக்கும். சாக்கடையில் பிறக்கிற கொசு இது இல்லை, வெயில் படுகிற தெளிந்த ஊற்றுத் தண்ணீர்தான் இதற்கு வேண்டும் என்றார்.

எனக்குக் காய்ச்சலோடு காய்ச்சலாக ஒரு பரபரப்பு வந்தது. போர்வையில் விரலால் கோடு போட ஆரம்பித்தேன். நோயாளியிடம் கொசு குடித்த இடத்தில் புறப்படுகிற கோடு, பத்து நாள் ஓடி இன்னொருவனைக் கடிக்கிற இடத்துக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டு வாரம் ஓடி, ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நிற்கிறது. அப்படியானால் இன்றைக்கு வார்டில் வந்து விழுகிறவர்களின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது, ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன் எங்கள் வரிசையில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், எத்தனை கொசு இருந்தது என்பதுதான். இன்றைக்கு நாம் என்ன செய்தாலும் இன்றைய கூட்டம் குறையாது. நாளைய கூட்டமும் குறையாது. அவர்கள் ஏற்கெனவே வண்டி ஏறிவிட்டவர்கள்.

தெளிந்த ஊற்று எங்கள் வரிசைக்குப் பின்னாலேயே இருந்தது. தண்டவாள மேட்டின் அடியில் கசிந்து, புல்லுக்கு நடுவே கண்ணாடிபோல ஓடும். வெள்ளைக்காரன் காலத்தில் வாரம் ஒருமுறை ஓர் ஆள் முதுகில் தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து அதன்மேல் எண்ணெய் அடித்துவிட்டுப் போவான். எண்ணெய்ப் படலம் இருந்தால் கொசுக் குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். சண்டை வந்ததும் அவன் வருவது நின்றுபோயிற்று. அப்போது யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை, எண்ணெய் நாற்றம் போனதே என்றுகூடச் சொன்னோம்.

முத்தையாவைக் கூப்பிட்டு, ஷெட்டில் இன்ஜின் துடைத்து ஒதுக்குகிற கழிவெண்ணெயை வாரம் ஒரு டின் கொண்டுவந்து ஊற்றச் சொன்னேன். ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஊற்று முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் ஓடியது. கல்லைக் கழுவுவதும் முனிக்கு ஊற்றுவதும் அந்தத் தண்ணீரில்தான். கோயிலைப் பார்த்துக்கொண்டவர் மண்டோர் வீராசாமி, தண்டவாளக் கூலிகளுக்கு மேலாள். கறுப்பு எண்ணெயை முனியின் தண்ணீரிலா ஊற்றுவது என்று முதலில் முறைத்தார். பிறகு, படுத்துக் கிடக்கிறவனுக்காகத்தானே கேட்கிறான் என்று இறங்கிவந்தார். முத்தையா ஊற்ற ஆரம்பித்தான்.

இரண்டு வாரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து வார்டுக்கு வருகிறவர்கள் அதிகமானார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. வெளியே இருந்தவர்களுக்கு இருந்தது. அஞ்சலை கஞ்சிச் சட்டியைத் திறக்காமலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

“ஏங்க, முன்னால வரிசைக்கு ஒருத்தர் படுத்தாங்க. எண்ணெய் ஊத்துனதுலேருந்து வீட்டுக்கு ஒருத்தர் படுக்கிறாங்க. சும்மா கெடந்த தண்ணியக் கலக்கி விட்டுட்டமோன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க.”

“கிள்ளான் ரயில நெனச்சுக்க. கிள்ளான்ல டிக்கெட் குடுக்கறத இப்ப நிறுத்திட்டாங்கன்னு வச்சுக்க. உடனே இங்க ஆளுங்க எறங்குறது நின்னுருமா? ஏற்கெனவே ஏறுனவங்க வந்துக்கிட்டுத்தானே இருப்பாங்க? நாம எண்ணெய் ஊத்துனது கிள்ளான்ல. இந்த வார்டு இங்க உள்ள ஸ்டேஷன்.”

உங்களுக்கு எல்லாமே ரயில்தான் என்று அவள் சலித்துக்கொண்டாள். ஆனால் புரிந்துகொண்டாள். அவள் கெட்டிக்காரி. எப்போது குறையும் என்று கேட்டாள். விடாமல் ஊற்றினால் இன்னும் இரண்டு வாரத்தில் என்றேன்.

“ரெண்டு வாரத்துக்கு அவங்க வாய யாருங்க மூடி வைக்கிறது?”

அந்த வாரமே முத்தையாவைக் கைவண்டியில் கொண்டுவந்து என் கட்டிலுக்குப் பக்கத்துப் பாயில் போட்டார்கள். எண்ணெய் ஊற்றியவனே விழுந்துவிட்டான். இதற்குமேல் சாட்சி யாருக்கு வேண்டும்? முனி அடித்துவிட்டார் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு. முத்தையாவும் அதைத்தான் நம்பினான். காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“மாமா, முனிக்கு ஊத்துற தண்ணியில கழிவ ஊத்திட்டேன். அதான் எனக்கு.”

“எண்ணெய் ஊத்துறதுக்கு முன்னாலயே உன்னக் கடிச்சிருக்குடா. ஊத்தாதவங்களும்தான் படுத்திருக்காங்க, பாரு.”

“அவங்க பாத்துக்கிட்டு நின்னாங்க மாமா.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவனோடு வாதாட உடம்பில் தெம்பும் இல்லை. மறுநாள் குவார்ட்டர்ஸில் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். வைக்கோலைப் போட்டு எண்ணெய்ப் படலத்தை வழித்து எடுத்து, ஊற்றைச் சுத்தம் செய்து, முனிக்குப் பூசை போட்டு மன்னிப்புக் கேட்டார்கள். இனி எண்ணெய் இல்லை. அஞ்சலையும் பூசையில் நின்று, புருஷனும் தம்பியும் எழுந்து வந்தால் சேவல் அறுப்பதாக வேண்டிக்கொண்டாள். விபூதியைக் கொண்டுவந்து எனக்கும் முத்தையாவுக்கும் பூசிவிட்டாள். நான் நெற்றியைக் காட்டினேன். அந்த விரல் பட்டது எனக்கு இதமாகவே இருந்தது.

அதன் பிறகு இரண்டு வாரத்தில் காய்ச்சல் குறைந்தது.

எந்த வாரம் குறையும் என்று நான் சொன்னேனோ அந்த வாரம். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து புதிதாக யாரும் வரவில்லை என்று டிரெஸ்ஸர் சொன்னபோது, முதலில் சின்னப் பையனைப்போல எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷம் விரலால் மறுபடி கோடு போட்டுப் பார்த்தேன். எண்ணெய் செய்த வேலை, எண்ணெயை நிறுத்திய பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. எண்ணெயை நிறுத்தியதால்தான் குறைந்தது என்று அத்தனை பேரும் நினைப்பார்கள். கண்ணால் பார்த்ததை யார் மறுக்க முடியும்? நிறுத்தியதன் பலன் இனிமேல்தான் புறப்படும், வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

அஞ்சலை அன்று முகமெல்லாம் மலர்ந்து வந்தாள். முனி கண்ணைத் திறந்துவிட்டார் என்றாள். நான் என் கணக்கைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, கஞ்சியைக் கலக்கிக்கொண்டே யோசித்தாள்.

“நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு வாரத்துல கொறஞ்சிருச்சு. பூசை போட்டும் ரெண்டு வாரந்தான் ஆவுது. ரெண்டுல எதுன்னு நான் எப்படிங்க கண்டுபுடிக்கிறது?”

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே வழி, பொறுத்திருந்து பார்ப்பது. பொறுத்திருந்து பார்க்கிற காலத்தில்தான் ஊற்றில் கொசு பிறக்கும்.

டிரெஸ்ஸரிடம் எல்லாவற்றையும் விரலால் போட்டுக் காட்டினேன். இப்போது குறைந்திருக்கிறது, அதனால் எண்ணெய் ஊற்றமாட்டார்கள். ஒரு மாதம் கழித்து வார்டு நிறையும், அப்போது பயந்து ஊற்றுவார்கள். ஊற்றியது பலிக்க நாளாகும், நம்பிக்கை விட்டு நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகு குறையும். இப்படியே ஏறி இறங்கி ஏறிக்கொண்டிருக்கும், யாராலும் இதைப் பிடித்து நிறுத்த முடியாது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“கணக்கு சரிதாங்க. நீங்க இருக்கிற தெம்புல அதையே போட்டுக்கிட்டு இருக்காதீங்க. சரியா இருக்குன்னு தெரிஞ்சு நான் என்ன செய்யட்டும்? மருந்து அலமாரியத் தொறந்து காட்டவா?”

அவர் கிண்டல் செய்யவில்லை. அவர் கண்ணில் நீர் இருந்தது.

என்னை வீட்டுக்கு அனுப்பியபோது இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கல்போல வீங்கி இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் என் அப்பா போல இருந்தேன். முத்தையாவும் கூடவே வந்தான். வந்த மறுநாள் அவனிடம் ஒரே ஒரு டின் எண்ணெய் கேட்டேன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் மாமா, அதை மட்டும் கேட்காதீர்கள் என்று எழுந்து போய்விட்டான். நானே தட்டுத்தடுமாறி ஷெட்டுக்குப் போனேன். கழிவெண்ணெயையும் வடிகட்டித் திரும்ப இன்ஜினுக்கே போட வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டிருந்தான். டின்களுக்குக் காவல் நின்றது. ஆக, ஊரே சேர்ந்து என்னை நம்பியிருந்தாலும் ஊற்ற எண்ணெய் இல்லை.

சரி, ஊற்றையாவது வெட்டி ஓடவிடுவோம், தேங்காமல் வேகமாக ஓடினால் குஞ்சு நிற்காது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நாலு வெட்டு வெட்டியதும் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரில் கொசுக் குஞ்சுகள் நெளிவது எனக்குத் தெரிந்தது. மண்டோர் வீராசாமி பார்த்துவிட்டு ஓடிவந்தார். என்னப்பா இது, எமன் வாயிலிருந்து வந்தவன் செய்கிற வேலையா என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, என்னைத் தோளில் சாய்த்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். அஞ்சலை அன்று யாரிடமோ கெஞ்சி ஒரு பிடி அரிசி வாங்கிக் கஞ்சி வைத்தாள். எல்லாரும் என்னிடம் அவ்வளவு பிரியமாக இருந்தார்கள். அந்தப் பிரியத்தை மீறி நான் என்ன செய்திருக்க முடியும்?

முதல் பூசை போட்டு ஒரு மாதம் ஆனதும் நேர்த்திக்கடன் செலுத்தினார்கள். சேவல் எங்கிருந்தோ கிடைத்தது. நாலு வரிசைக்கும் அந்த ஒரு சேவல், கூடவே மலைபோலக் கிழங்கு. டோக்கியோ கடிகாரம் எட்டைத் தாண்டியிருந்தது, ஆனால் வானத்தில் அப்போதுதான் வெளிச்சம் மங்கியது. கல்லுக்கு முன்னால் எல்லாரும் புல்தரையில் உட்கார்ந்தோம். வீராசாமி என் தலையில் கைவைத்து, நீ நடந்து வந்து உட்கார்ந்ததே போதுமப்பா என்றார். முத்தையா ஏதோ வேடிக்கை செய்து எல்லாரையும் சிரிக்கவைத்தான். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கொசுவலை பவுனுவுடையது, வழக்கமாகப் பொழுது சாயும் முன் அஞ்சலை அவளை அதற்குள் விட்டுவிடுவாள். அன்று பூசை பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அப்பாவிடம் உட்கார் என்று அஞ்சலை அவளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். துண்டால் அவள் காலை விசிறிக்கொண்டே இருந்தேன். சண்டை ஆரம்பித்ததிலிருந்து நான் சந்தோஷமாக இருந்த பொழுது எது என்று கேட்டால், அதுதான்.

நேர்த்திக்கடன் கழிந்து இரண்டு வாரத்தில் பவுனுவுக்கு வந்த காய்ச்சல் முறை வைத்து வரவில்லை. குளிர் என்றாள், சாயங்காலம் வாந்தி எடுத்தாள், விடிவதற்குள் இழுப்பு வந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது வராந்தாவில் எங்கள் குவார்ட்டர்ஸ் முகங்கள் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. அவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். டிரெஸ்ஸர் சாமுவேல் தன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒரு மாத்திரையை எடுத்தார். தனக்கென்று வைத்திருந்தது. அதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம், அவளுக்கு விழுங்கத் தெரியவில்லை, கடைவாயில் வழிந்தது. பிள்ளைகளை உள்ளே விடாத அதே வார்டில், இப்போது ஒரு கட்டிலில் மூன்று பிள்ளைகள் கிடந்தார்கள். அஞ்சலை அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் இல்லை. மறுநாள் மத்தியானம் பவுனு போய்விட்டாள்.

அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே முத்தையா என் காலில் விழுந்து அழுதான். எப்படியாவது எண்ணெய் திருடிக்கொண்டு வருகிறேன் என்றான். பிடிபட்டால் தலை போய்விடும், வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வீராசாமியே ஊற்றின் ஓரமாகக் காவல் நின்று ஊற்றவைத்தார். கூட்டம் உடனே குறையவில்லை. ஊற்றியும் குறையவில்லையே என்று இரண்டாவது வாரமே மறுபடி பேச்சு எழுந்தது. இந்த முறை நான் யாரிடமும் எந்த ரயிலையும் பற்றிப் பேசவில்லை.

அப்படி ஒரு மத்தியானம் அஞ்சலை வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள். பிறகு கேட்டாள்.

“ஏங்க, உங்க கணக்குப்படி பவுன என்னைக்குக் கடிச்சிருக்கும்?”

அந்தக் கோட்டை நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன். குளிர் வந்த நாளிலிருந்து பின்னால் இழுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து இன்னும் பத்து நாள் பின்னால் இழுத்தால், அப்போது எங்கள் வரிசையில் ரத்தத்தில் விதையோடு நடமாடிக்கொண்டிருந்தவர்களில் நானும் முத்தையாவும் இருந்தோம்.

“அப்படி நாள் குறிச்சுச் சொல்ல முடியாது அஞ்சல. ஆளுக்கு ஆள் மாறும். பத்து நாளும் ஆவலாம், இருபது நாளும் ஆவலாம்.”

டிரெஸ்ஸரும் அப்படித்தான் சொல்லியிருந்தார், அதனால் நான் சொன்னது பொய் இல்லை. அஞ்சலை கேட்டுக்கொண்டாள். பிறகு மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“பூசை அன்னைக்குத்தாங்க. நான் எண்ணிப் பாத்துட்டேன். நாந்தான் அவளத் தூக்கிட்டு வந்து உங்க மடியில வச்சேன்.”